பேர் கழன்ற ஏழு பாத்திரங்கள்

ஜானெலை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் வெளியே கேட்கவில்லை. காரின் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

அது அக்டோபர் மாதம். நெப்ராஸ்காவில் மக்காச்சோள அறுவடை உச்சத்தில் இருந்தது. எங்கள் ஊரான டன்பியின் கூட்டுறவு தானியக் கிடங்கில், எடைமேடையை ஒட்டிய சின்ன அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். மண்ணியலில் முதுகலை படித்தவன் நான். சேலம் பக்கத்தில் மானாவாரிக் காட்டை உழுத எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை இன்றைக்கும் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அறுவடைக் காலத்தில் டன்பியில் பட்டத்துக்கெல்லாம் தனி மரியாதை கிடையாது. மண் பரிசோதிக்கிறவனும் எடை போட்டுத்தான் ஆகவேண்டும். லாரி மேடையில் ஏறும், எடையும் தானியத்தின் ஈரப்பதமும் பார்த்துக் கை காட்டுவேன், லாரி இறங்கிப் போகும். அன்று லாரிக்குப் பதிலாக அரிசோனா நம்பர் பிளேட் போட்ட ஒரு சிவப்புக் கார் மேடையில் வந்து நின்றுவிட்டது.

பின்னால் லாரிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்வதைப்போல் ஒரு பாவம் இங்கே வேறு இல்லை. வரிசையில் முதல் லாரி டுவேன் கெஸ்லருடையது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வானத்தில் ஏதோ முக்கியமான சமாச்சாரம் நடப்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவள் வாயை மூடினாள். கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கைக்குழந்தையின் வீறல் வெளியே பாய்ந்தது.

“சாரி. இங்க நிறுத்தக்கூடாதா?”

“இது எடைமேடைங்க. பின்னாடி லாரியெல்லாம் நிக்குது.”

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இத்தனை பேரா? ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலியே,” என்றாள்.

பின் இருக்கையில் நாலு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். அவள் என்னிடம், “அம்மா கத்தி முடிச்சாச்சா?” என்று கேட்டாள்.

“முடிச்சாச்சு மேசி. கைய எடு,” என்றாள் தாய். பிறகு என்னைப் பார்த்து, “வண்டி ஓடினாத்தான் இவன் தூங்குறான். நின்னா முழிச்சிக்கிறான். ஊரையே சுத்திச் சுத்தி வர்றேன். எனக்குக் கை நடுங்குச்சு, அதான் ஓரமா நிறுத்தலாம்னு…” என்றாள். முடிக்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

டுவேன் லாரியை ஏற்றி நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார். “அந்தப் பொண்ணு லோடு எப்படிப்பா?”

“என்ன லோடு?”

“ஈரம் ஜாஸ்தி போலத் தெரிஞ்சுது. காயவைக்காம அடைச்சு வச்சா உள்ளுக்குள்ளயே சூடேறிக் கெட்டுப்போகும்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் நகைச்சுவையையும் கவலையையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார்கள். எது எதுவென்று பிரித்தறிய எனக்கு ஐந்தாறு வருடம் பிடித்தது.

அவள் முழுப்பெயர் ஜானெல் ப்ரூயிட். வயது இருபத்தேழு. அரிசோனாவில் பாலைவனத்தின் விளிம்பில் வளர்ந்த நகரத்துப் பெண். அவளுடைய அம்மா ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். புருஷன் ட்ரென்ட் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவன். நெப்ராஸ்காவில் வேலை கிடைத்ததும் அவன்தான் சின்ன ஊருக்குப் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். பிள்ளைகள் தெருவில் விளையாடவேண்டும், கதவைப் பூட்டாமல் தூங்கவேண்டும், அடுத்த வீட்டுக்காரன் பெயர் தெரிந்திருக்கவேண்டும். அவன் ஆசையில் தப்பில்லை. டன்பியில் இதெல்லாம் உண்டு. ஆனால் அவனுடைய காற்றாலைகள் இருந்தது மாநிலத்தின் மேற்கு ஓரத்தில். திங்கட்கிழமை விடியலில் போனால் வெள்ளிக்கிழமை மாலைதான் திரும்புவான். பூட்டாத கதவுக்குள் அவளும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

அவர்கள் ஆகஸ்டில் குடிவந்த வீடு நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. நான் ஆர்டிஸ் லோஃப்கிரென் என்ற அம்மாளின் கார் கொட்டகைக்கு மேல் உள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஆர்டிஸுக்கு எழுபது வயது. புருஷன் இறந்துவிட்டார். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறை அவள் ராஜ்யம். அங்கே எந்தக் கரண்டி எந்த ஆணியில் தொங்கவேண்டும் என்பதுகூட அவள் வைத்த சட்டம்தான். எதிர்வீட்டை அவள் “பீட்டர்சன் வீடு” என்றுதான் சொல்வாள். பீட்டர்சன் செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

ப்ரூயிட் குடும்பம் வந்த முதல் வாரமே ஊர்வழக்கப்படி சாப்பாடு போனது. ஏழு வீடுகளிலிருந்து ஏழு கண்ணாடிப் பாத்திரங்கள். கோழியும் நூடுல்ஸும் சேர்த்து ஓவனில் வேகவைத்தது, அரைத்த மாட்டிறைச்சிமேல் உருளைக்கிழங்கு அடுக்கியது, துருவிய கேரட் மிதக்கிற ஆரஞ்சு ஜெல்லி. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டி, அதில் பேனாவால் வீட்டுக்காரியின் பெயர் எழுதியிருக்கும். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவி, அதில் எதையாவது வைத்து, தாங்களே நேரில் கொண்டுபோய்த் திருப்பித் தரவேண்டும். அப்போது வீட்டுக்காரி காப்பி தருவாள். அந்தக் காப்பியில்தான் எல்லாம் தொடங்கும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த டாக்டர் நல்லவர், யார் வீட்டில் தொட்டில் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் தெரியவரும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சேலம் பக்கத்தில், வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தந்தால் அடிக்கிற அம்மாவிடம் வளர்ந்ததால் நான் தப்பித்தேன்.

ஜானெல் பாத்திரங்களைத் திருப்பித் தரவில்லை.

அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் தன் சமையலறை ஜன்னலில் நின்றபடி சொன்னாள். “அந்தப் பொண்ணுக்கு நம்ம சகவாசம் வேண்டாம் போலப்பா எல்.” என் பெயர் இளஞ்செழியன். இந்த ஊரில் அது ‘எல்’ வரைக்கும்தான் போகும்.

“நீங்க போய்ப் பேசிப் பாருங்களேன்.”

“எப்படிப் பேசறது? நாங்க எங்க பங்கச் செஞ்சாச்சு. இனிமே அவதான் வரணும். மேல விழுந்து போனா தொந்தரவுன்னு நினைக்கமாட்டாளா?”

“உங்க பாத்திரம் அவங்ககிட்ட இருக்குல்ல? அதக் கேக்கற சாக்குல போங்க.”

ஆர்டிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அது எங்க அம்மா பாத்திரம். நீலப் பூ போட்டது. அது போனாலும் போகட்டும். குடுத்த பாத்திரத்தத் திருப்பிக் கேட்டா எங்க அம்மா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்துடுவா.”

ஏழு வீட்டிலும் இதே கதைதான். ஏழு பேரும் நல்லவர்கள், ஏழு பேரும் காத்திருந்தார்கள். அந்தச் சிவப்புக் கார் மட்டும் காலையிலும் மாலையிலும் ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எதிரே வருகிறவர்கள் ஸ்டீரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவார்கள். எங்கள் ஊர் வணக்கம் அவ்வளவுதான்.

டிசம்பரில் குளிர் இறங்கி ஒரு காலை அவள் கார் கிளம்பவில்லை. வாசலில் அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் நின்றிருந்தாள். நான் என் வண்டியைக் கொண்டுபோய்ப் பேட்டரிக்கு இணைப்புக் கொடுத்தேன். கார் உயிர் பெற்றதும் அவள் அழுதுவிட்டாள்.

“இது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு,” என்றாள். “இதுவும் நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்? உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க. ப்ளீஸ். பெரியவங்க யார்கூடயாவது பேசி எத்தனையோ நாளாச்சு.”

பின்வாசல் வழியாகப் போனோம். அங்கே கண்ணாடித் தடுப்புப் போட்ட குளிர்ந்த தாழ்வாரத்தில், ஒரு பழைய மேஜைமேல், ஏழு பாத்திரங்களும் பளபளவென்று கழுவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுநடுவே துணி மடித்து வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“அதப்பத்திக் கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அவளே சொன்னாள். “எல்லாத்தையும் ஒண்ணா சுடுதண்ணில ஊறப்போட்டேன். இந்தப் பய வையட் அழுதுட்டே இருந்தான். அவனத் தூங்கவச்சிட்டு வந்து பாத்தா டேப் எல்லாம் கழண்டு தண்ணில மிதக்குது. எந்தப் பேரு எந்தப் பாத்திரத்தோடதுன்னே தெரியல. மையும் கரைஞ்சு போச்சு.”

“கொண்டு வந்தவங்க முகம்?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டின நரைமுடி. ஒரே மாதிரி கோட்டு. எல்லாரும் ‘சும்மா கொண்டு வந்தேன், உள்ள வரல, தொந்தரவு பண்ணல’ன்னு சொன்னாங்க. வாசல்லயே குடுத்துட்டு ஓடிட்டாங்க. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவ்வளவுதானா? நான் ஆர்டிஸ்கிட்டச் சொல்றேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“சொல்லாதீங்க!” அவள் என் முழங்கையைப் பிடித்தாள். “சோறு போட்டவங்க பேரக்கூட ஞாபகம் வச்சுக்கல, அவங்க பொருளையும் பாழாக்கிட்டான்னு ஊர் பூரா தெரியணுமா? இப்பவே விரலக் காட்டிட்டுப் போயிடறாங்க, ஒருத்தரும் நிக்கறதில்ல. சத்தியமா சொல்லாதீங்க. நானே சரிபண்றேன்.”

சத்தியம் செய்தேன். அவள் காப்பி ஊற்றினாள். உள்ளறையில் குழந்தை மறுபடி வீறிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நேத்து அவனத் தொட்டில்ல போட்டுட்டு வெளிய வந்து பனியில நின்னேன். உள்ள போகப் பயமா இருந்துச்சு. அவனப் பாத்து இல்ல. என் கையப் பாத்து.”

நான் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். “ட்ரென்ட்கிட்டச் சொன்னீங்களா?”

“அவர் முந்நூறு அடி உசரத்துல தொங்கிட்டிருப்பார். அங்க இருக்கறவர்கிட்ட இதச் சொல்லலாமா? நல்லா இருக்கோம்னுதான் சொல்வேன். இந்த ஊர்ல எல்லாரும் அதத்தானே சொல்றாங்க?”

பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய் இது, டாக்டரிடம் போகவேண்டும் என்றேன். மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனைக்குப் போன் செய்ததாகவும், பிப்ரவரியில்தான் இடமிருக்கிறது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். “அவசரமா-ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்,” என்றாள். மறுபடி போன் செய்யச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அன்று மாலை நானே ட்ரென்டைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன், “எங்கிட்ட நல்லா இருக்கேன்னுதானே சொல்றா,” என்றான். விடுப்பு எடுத்து வந்து இரண்டு நாள் இருந்தான், போய்விட்டான்.

பாத்திரத்தைப் பற்றித்தான் வாய் திறக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கு யாராவது போகத்தான் வேண்டும். ஆர்டிஸிடம், “அந்தப் பொண்ணுக்கு உடம்பு முடியல, கட்டாயம் போய்ப் பாருங்க,” என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“வீட்ல இல்லையா?”

“இருந்தா. திரைக்குப் பின்னால நின்னா. நான் பாத்தேன். நான் பாத்தத அவளும் பாத்தா. கதவத் திறக்கல.”

“பிஸ்கட்?”

“படியில வச்சிட்டு வந்தேன்.” கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். “பேப்பர் தட்டுல.”

பேப்பர் தட்டு என்றால் திருப்பித் தரவேண்டாம் என்று அர்த்தம். உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம், நீயும் வரவேண்டாம். இந்த ஊரில் ஒருவரைக் கைகழுவ வேறு வார்த்தையே தேவையில்லை. ஜானெலுக்கு அது தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் வாசலில் பார்த்தபோது அவளே, “இந்தத் தடவ திருப்பிக் குடுக்க முடியாதமாதிரி குடுத்திருக்காங்க பாத்தீங்களா?” என்றாள். அன்றைக்கு ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டேன். பின் தாழ்வாரத்தில் பாத்திரங்கள் இருந்தனவாம். உள்ளே விட்டால் ஆர்டிஸ் பார்த்துவிடுவாளாம்.

ஜனவரியில் டுவேன் கெஸ்லரின் தாயார் ஓப்பல் இறந்துபோனாள். தொண்ணூற்று நாலு வயது. அடக்கத்தன்று மாலையிலிருந்து பனிப்புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் ஆராதனையைக் காலைக்கு மாற்றினார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு ஏற்பாடு நடந்தது. பண்ணைகளில் இருக்கும் பெண்கள் சிலர் சாலைக்குப் பயந்து வரவில்லை. சமையலறையில் ஆர்டிஸும் இன்னும் நாலு பேரும் மட்டும் பறந்துகொண்டிருந்தார்கள். நான் மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்கதவு திறந்தது. ஜானெல் படியிறங்கி வந்தாள். இடுப்பில் வையட். இன்னொரு கையால் மார்போடு அணைத்தபடி மூன்று பாத்திரங்கள். பின்னால் மேசி நீலப் பூப் பாத்திரத்தைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் மேலே ஆராதனையில் இருப்பார்கள், கீழே ஆள் இருக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஐந்து பெண்களைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

காப்பிப் பாத்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

“இத வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்றாள் ஜானெல். “மீதி கார்ல இருக்கு. எடுத்துட்டு வர்றேன். அப்புறம் போயிடறேன்.”

“நாங்க அரிசோனா போறோம்,” என்றாள் மேசி, பாத்திரத்துக்கு அடியிலிருந்து. “பாட்டி வீட்டுக்கு. அப்பாவுக்குத் தெரியாது. இதெல்லாம் யாரோடதுன்னு அம்மாவுக்குத் தெரியல. பேரெல்லாம் தண்ணில போயிடுச்சு. அம்மா தேடித் தேடி அழுதாங்க.”

“மேசி!”

ஆர்டிஸ் ஈரக்கையைத் துடைத்தாள். நடந்து வந்து குழந்தையின் தலையிலிருந்து பாத்திரத்தை எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்தாள். டேப் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கைப்பிடி ஓரத்தில் இருந்த உடைசலைக் கட்டைவிரலால் தடவினாள்.

“டேப் கழண்டு போச்சா?” என்றாள். “அடிப் பாவி. அதுக்கா அஞ்சு மாசம்? எங்க அம்மா பாத்திரத்த நான் கண்ணக் கட்டிவிட்டாக்கூடக் கண்டுபிடிப்பேனே. எங்க எல்லாருக்கும் தெரியுமேடி எது யாரோடதுன்னு.”

“எனக்குத் தெரியாதுல்ல,” என்றாள் ஜானெல். குரல் உடைந்து பெரிதாக வந்தது. “யாரும் கேக்கலியே! நீங்க யாராவது ஒருத்தர் வந்து, ஏண்டி என் பாத்திரம் எங்கன்னு திட்டியிருந்தாக்கூடப் போதுமே! தினமும் இந்த ஊரச் சுத்தி வந்தேன். எல்லாரும் பாத்தீங்கல்ல? பாத்தீங்கதானே?”

மாடியில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மாள் தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி தன் சமையல் ஏப்ரனின் நுனியை முறுக்கினாள். பார்த்தோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆர்டிஸ்தான் பேசினாள். “பாத்தோம்,” என்றாள். அப்புறம் சுவரில் தொங்கிய ஓர் ஏப்ரனை எடுத்து அவளிடம் நீட்டினாள். “கையக் கழுவு. பன்னுக்கு வெண்ணெய் தடவணும்.”

“நான் கெளம்பணும். புயல் வருது.”

“மேல அறுபது பேரு பசியோட உக்காந்திருக்காங்க. எனக்கு மூணு கை குறையுது. ஓப்பலே காத்திருக்கா, உனக்கென்ன? அந்தப் பயல இப்படிக் குடு.”

நான் எட்டு வருடமாக அந்தக் கீழ்த்தளத்துக்கு நாற்காலி தூக்கியிருக்கிறேன். ஒருநாளும் என்னை அந்தச் சமையலறைக் கதவைத் தாண்ட விட்டதில்லை. விருந்தாளியை உள்ளே விடமாட்டார்கள். அன்று ஜானெல் கை கழுவிவிட்டு உள்ளே போய் நின்றாள். வையட் நாலு கை மாறி, கடைசியில் ஒரு பருத்த அம்மாளின் தோளில் கவிழ்ந்து ஏப்பம் விட்டான்.

“ஓரம் வரைக்கும் தடவும்மா,” என்று ஆர்டிஸ் விரட்டுவது கேட்டது. “நடுவுல மட்டும் அப்பிட்டு விடாத. கெஸ்லர் வீட்டுக்காரங்களுக்குப் பன் ஓரம் காஞ்சிருந்தா பத்து வருஷம் பேசுவாங்க.”

ஜானெல் அழுதுகொண்டே தடவினாள். அழுகை நிற்கவும் இல்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஹாம் என்கிற பன்றி இறைச்சியை நறுக்கி மடித்து வைத்துக்கொண்டே ஆர்டிஸ் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள், ஜானெல் தன் கைகளைக் காட்டி ஏதோ சொன்னாள். ஆர்டிஸின் கத்தி நின்றது.

“மூத்தவனப் பெத்தப்ப நான் கோழிக்கூட்டுல போய் உக்காந்துப்பேன்,” என்றாள் ஆர்டிஸ். “மணிக்கணக்கா. கோழிங்க ஒண்ணும் கேக்காது. எங்க வீட்டுக்காரருக்கு நான் முட்டை பொறுக்கறேன்னு நினைப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, முட்டை நெறைய சேந்துச்சு.” யாரோ பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. “ரெண்டு வருஷம் போச்சு எனக்கு. அவன் நடக்க ஆரம்பிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இன்னிக்குத்தான் சொல்றேன்.”

சாப்பாடு முடிந்து, டுவேன் தாயாரை மண்ணில் வைத்துவிட்டு வருவதற்குள் எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குப் பனி அடிக்கத் தொடங்கிவிட்டது. யாரும் போகமுடியாதபடி நெடுஞ்சாலையின் தடுப்புக் கதவை இறக்கி மூடிவிட்டார்கள். ஜானெலின் கார் சர்ச் பின்பக்கம் பொம்மைகளும் துணிமூட்டைகளுமாக நிறைந்து நின்றது. அதன்மேல் பனி ஏறியது. அவளையும் குழந்தைகளையும் ஆர்டிஸ் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அடுத்த நாளும் புயல். ஆர்டிஸ் மருத்துவமனைக்குப் போன் போட்டு, “அவசரம்தான்! இந்த ஊர்ல யாராவது அவசரமில்லன்னு சொன்னா நம்பாதீங்க,” என்று கத்தியது மாடியில் எனக்குக் கேட்டது. அந்த அம்மாள் குரலை உயர்த்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

சாலை திறந்ததும் ஜானெல் தங்கிவிடுவாள் என்று நான் நினைத்தேன். ட்ரென்டும் அப்படித்தான் நினைத்து ஓடி வந்தான். அவள் தங்கவில்லை.

“எனக்கு எங்க அம்மா வேணும் ட்ரென்ட்,” என்றாள், ஆர்டிஸ் வீட்டு வாசலில் எங்கள் எல்லார் முன்னாலும். “உன்மேல கோவமில்ல. ஆனா இந்த வீட்ல இன்னும் ஒரு வாரம் நான் தனியா இருந்தா, நீ வர்றப்ப நான் நானா இருக்கமாட்டேன்.”

உயரத்தில் தொங்கிப் பழகிய மனுஷன் தரையில் தள்ளாடி நின்றான். பிறகு, “நான் ஓட்டறேன்,” என்று சாவிக்குக் கை நீட்டினான்.

கார் கிளம்பும்போது ஆர்டிஸ் கோட்டைக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள். கையில் நீலப் பூப் பாத்திரம். வழிச் சாப்பாட்டுக்கு ஹாமும் பன்னும் அடைத்து, மேலே துணி போட்டு மூடியிருந்தாள். ஜன்னல் வழியாக ஜானெலின் மடியில் வைத்தாள்.

“ஆர்டிஸ், வேண்டாம். இது உங்க அம்மாவோடது. ஒரு பேப்பர் தட்டுல குடுங்க.”

“பேப்பர் தட்டு தீந்துபோச்சு.”

“நான் திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது.”

“எனக்கும்தான் தெரியாது,” என்றாள் ஆர்டிஸ். “அடியில பேரு எழுதியிருக்கேன். சுடுதண்ணில போடாத.”

அந்த வாரமே ட்ரென்ட் அவர்களை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். பிப்ரவரி முழுக்க எதிர்வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. சனிக்கிழமைகளில் அவன் வாசல் பனியைத் தள்ளுவான், தரை தெரிந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருப்பான். ஜானெல் அங்கே டாக்டரைப் பார்க்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், அவள் அம்மா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு குழந்தையைப் பார்க்கிறாள் என்று சொன்னான். வருவாளா என்று நான் கேட்கவில்லை. தொந்தரவாக இருக்கும் என்று ஆர்டிஸ் அவளுக்கு ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. ஆனால் ஜன்னலை விட்டு நகரவும் இல்லை. ஒருநாள் துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு நின்று, “கிறுக்கி நான். எங்க அம்மா பாத்திரத்தப் பாலைவனத்துக்கு அனுப்பிட்டேன்,” என்றாள்.

மார்ச் கடைசியில், வயல்களில் பனி உருகி மண் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்த ஒரு மத்தியானம், எடைமேடையில் அரிசோனா நம்பர் பிளேட்டோடு சிவப்புக் கார் ஏறி நின்றது. பின்னால் ஒரு உர லாரி. மேசி ஜன்னலில் தலையை நீட்டி, “அம்மா கத்தல, உங்களுக்கு வணக்கம் சொல்லத்தான் நிறுத்தினாங்க,” என்றாள். ஜானெல் இளைத்திருந்தாள். பக்கத்து இருக்கையில், சீட்டுப் பெல்ட் போட்டு இறுக்கிய நீலப் பூப் பாத்திரம். அவளுடைய அம்மாவின் கைப்பக்குவத்தில் மிளகாய் போட்டு வேகவைத்த பன்றி இறைச்சி நிறைந்திருந்தது.

“ஆர்டிஸ் காரம் சாப்பிடுவாங்களா?” என்று கேட்டாள்.

“மிளகுக்கே தும்முவாங்க அவங்க.”

“சாப்பிட்டுத்தான் ஆகணும்,” என்றாள் ஜானெல்.

பின்னாலிருந்த உர லாரிக்காரன் லேசாக ஹாரனைத் தட்டினான். டன்பியில் நான் கேட்ட முதல் ஹாரன் அதுதான். வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஜானெல் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஊர் அதை இன்னும் பீட்டர்சன் வீடு என்றுதான் சொல்கிறது. ட்ரென்ட் பக்கத்து மாவட்டத்துக் காற்றாலைகளுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான், பெரும்பாலும் ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவள் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். குளிர்காலம் இன்னும் அவளுக்குக் கெட்டதுதான். ஜனவரியில் இரண்டு வாரம் அம்மாவிடம் போய்விட்டு வருகிறாள். அறுவடைக் காலத்தில் எடைமேடை அறையில் என்னோடு வேலை பார்க்கிறாள். ஊருக்குப் புதிதாக யாராவது குடிவந்தால் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஒரு வாரம் கழித்துப் போய்க் கதவைத் தட்டி, பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறாள்.